நாற்பத்தேழு, மூன்று தடவை

நூற்றுப் பதினெட்டுக் காட்சிகள் கொண்ட ஒரு முழுநீளத் திரைக்கதையைப் பன்னிரண்டு பக்கக் குறும்படமாக்க வேண்டுமென்றால் ஒரு மனிதன் முதலில் என்ன செய்வான்? உட்கார்ந்து யோசிப்பான், தலையைச் சொறிவான், தெரிந்த நாலு பேரைக் கேட்பான். கண்ணாடிக்காரன் கால்குலேட்டரை எடுத்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பகலெல்லாம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். ஒரு கண்மணிக்கும் இன்னொரு கண்மணிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரியாகத் தெரியும் என்பது பதினான்கு வருடத் தொழில் அவனுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம். அதையே திரைக்கதைக்கும் செய்தான். நூற்றிருபது பக்கத்தில் முப்பதாம் பக்கம் முதல் அங்கம் முடிகிறதா, அப்படியானால் இதில் மூன்றாம் பக்கம். அறுபதில் நடுத்திருப்பமா, இதில் ஆறு. தொண்ணூறில் எல்லாம் கைவிட்டுப் போகிறதா, இதில் ஒன்பது. இப்படி முழுக்கதையையும் பத்தால் வகுத்து, ஒரு திருப்பம் விடாமல் அடைத்து, அச்செடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தான். பெருமை வேறு.

கதை அம்மாவுடையது. ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்துக் கூடத்தில், மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பத்தொரு வருடம் டோக்கன் நம்பர் கூப்பிட்டவள். மைக் வைத்துக் கொடுத்த பிறகும் மைக்கை நம்பாமல் தொண்டையை நம்பியவள். வீட்டிலும் அதே குரல்தான். அவள் அடுப்படியில் நின்று மகனைக் கூப்பிட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் செருப்பைத் தேடுவார் என்று தெருவில் கேலி உண்டு. அந்தக் குரலையும் அந்த ஜன்னலையும் வைத்து, நடுவில் ஒரு மருந்துத் திருட்டு, ஒரு விசாரணை, ஓர் இடமாற்றம் என்று கற்பனையையும் தாராளமாகக் கலந்து ஒன்பது வருடம் எழுதியிருந்தான். அம்மாவாக அம்மாவேதான் நடிக்க வேண்டும் என்பது முதல் நாளே எடுத்த முடிவு. தயாரிப்பாளர்கள் கதை கேட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், அப்புறம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தொண்டை கரகரத்தது. சளி என்று இரண்டு மாதம் ஓட்டினாள். பிறகு மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி, குரல்வளையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். பத்தொன்பது நாள் தள்ளி ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்தார். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் போய்விடும் என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது கண்ணாடிக்காரன் நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அம்மா இருப்பாள், அவள் குரல் இருக்காது என்பது அவன் மண்டைக்குள் ஏறவே மறுத்தது.

முதலில் செல்போனை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்துப் பார்த்தான். "சும்மா ஏதாவது பேசும்மா" என்றான். அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "ஓடுதா?" என்று கேட்டாள். ஓடுகிறது என்றான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "அனைவருக்கும் வணக்கம்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று நாள் முயன்றும் அவனிடம் சேர்ந்தது எட்டு வணக்கமும் பன்னிரண்டு ஓடுதாவும்தான். பத்தொன்பது நாளில் முழுப்படமும் நடக்காது. ஆகவேதான் குறும்படம், ஆகவேதான் கால்குலேட்டர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் படித்துப் பார்த்தார்கள். கத்திரி வந்திருந்தாள். கத்திரி என்பது அவனோடு கல்லூரியில் படித்தவள், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதைத் தொழிலாக வைத்திருப்பவள். ஆறு மணி நேரக் கல்யாணத்தை இருபது நிமிடமாக்கி, 'எங்களைக் காணோமே' என்று வரும் சித்தப்பாக்களிடம் திட்டு வாங்கி வாங்கித் தோல் தடித்தவள். கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு உட்கார்ந்தாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், இரண்டாம் பக்கத்தில் மருந்து காணாமல் போனது, மூன்றாம் பக்கத்தில் மேலதிகாரி மிரட்டினார், நான்கில் மகன் வீட்டை விட்டுப் போனான். ஐந்தாம் பக்கத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. ஏழாவது நிமிடத்தில் குரல் பிசிறடித்து, ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே காற்றாகிப் போனது. தண்ணீர் குடித்துவிட்டுத் தாளை மேஜையில் போட்டாள்.

"இது படமா, பஸ் வந்து போற பலகையா?" என்று கேட்டாள். "ஒருத்தர் வந்து நிக்கிறதுக்குள்ள அடுத்தவர் வந்துடுறாரு."

"எல்லாத் திருப்பமும் அதது இடத்துல இருக்கும்மா. அளந்து வச்சிருக்கேன்."

"பேன்ட்டைப் பத்துல ஒரு பங்கா வெட்டினா சின்னப் பிள்ளைக்குப் பேன்ட் ஆகுமாடா?" என்றாள் கத்திரி. "அரைக்கால் சட்டைகூட ஆகாது. கைக்குட்டைதான்."

கண்ணாடிக்காரனுக்கு முகம் சுருங்கியது. கத்திரி அதைப் பார்த்தாலும் விடவில்லை. எழுந்து போய், சுவரில் ஒன்பது வருடமாக ஒட்டியிருந்த காட்சி அட்டைகளின் முன்னால் நின்றாள். ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது இல்லைன்னா அந்தம்மா ஜன்னல்ல உக்கார முடியாதா?" என்று கேட்டாள். முடியும் என்று அவன் சொல்ல வேண்டியிருந்தது. அட்டை கீழே விழும். மருந்துத் திருட்டு விழுந்தது. விசாரணை விழுந்தது. இடமாற்றம், மகனின் கோபம், மேலதிகாரியின் மனமாற்றம் எல்லாம் தரையில் கிடந்தன. சில அட்டைகளுக்கு அவன் வாதாடினான், ஒன்றிரண்டுக்குக் குரலை உயர்த்தினான். கடைசியில் சுவரில் தங்கியது அறுபத்தோராம் காட்சி, பெரிய படத்தின் நட்டநடுவில் இருந்த அட்டை.

அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு நாள் நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிடுகிறாள், ஆள் வரவில்லை. தூணோரம் ஒருவர் டோக்கனும் மருந்துச் சீட்டுமாக நின்றுகொண்டிருக்கிறார், ஆனால் வரவில்லை. அவருடைய மனைவி வார்டில் அரைமணி நேரத்துக்கு முன்பே இறந்துபோய்விட்டாள். சேதி தெரிந்தும் அவர் மருந்து வரிசையை விட்டு நகரவில்லை. அம்மா ஜன்னலை அடைத்துவிட்டு வெளியே வந்து, அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே இருந்தாள். கண்ணாடிக்காரன் சின்ன வயதில் இதைக் கேட்டுவிட்டுத்தான் அம்மாவைப் பெரிய ஆளென்று நினைத்தான். திரைக்கதையில் அந்தப் பெஞ்சில் அம்மா பேசுவதாக இரண்டு பக்க ஆறுதல் வசனம் இருந்தது, எழுதியதிலேயே சிறந்ததென்று அவன் நம்பிய இரண்டு பக்கம்.

"இதை மட்டும் எடு" என்றாள் கத்திரி. "ஒரு மணிக்கு ஜன்னலை மூடணும், அதுக்குள்ள வரிசையை முடிக்கணும். அவங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒருத்தர் வரமாட்டேங்கிறார். போதும்."

"அப்ப அம்மாவுக்கு வசனமே நாப்பத்தேழு, நாப்பத்தேழு, நாப்பத்தேழுதானா?"

"எப்படிக் கூப்பிட்டீங்கம்மா?" என்று கத்திரி அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா கொஞ்ச நேரம் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக்கூட நிமிர்த்தாமல், "நாப்பத்தேழு" என்றாள், ஆயிரம் தடவை சொன்ன ஒன்றைச் சொல்வதுபோல. "மொதல்ல இப்படித்தான். ஆளை நெனைக்கமாட்டோம், நம்பர்தான்." அடுத்து நிமிர்ந்து, எரிச்சலோடு, நீட்டி, "நாப்பத்தேழு" என்றாள். "காது கேக்கலையா, எனக்கு மணியாகுதுன்னு அர்த்தம். அதுக்குள்ள முன்னாடி நின்ன பொம்பளை சொல்லிட்டா, அவர் வீட்டம்மா போயிட்டாங்கன்னு." மூன்றாவது தடவை கூப்பிடும்போது குரல் இறங்கிவிட்டது. தூங்குகிற ஆளை எழுப்ப மனமில்லாமல் எழுப்புவதுபோல, மெதுவாகக் கூப்பிட்டாள்.

கத்திரி கையிலிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்தாள். "நீ தேடுற மூணு அங்கமும் இதுலயே இருக்கு" என்றாள் அவனிடம். "பெரிய படத்துக்கு முப்பது பக்கம், அறுபது பக்கம், முப்பது பக்கம். இதுக்கு ஒரு தடவை, ஒரு தடவை, ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவங்க வேற ஆளாயிடுறாங்க. திருப்பம்னா அதானே?"

அவனுக்கும் அது புரிந்தது. ஒன்பது வருடம் எழுதியவனாயிற்றே. ஆனாலும் மனது ஒப்பவில்லை. "அப்புறம் பெஞ்சுல பேசுற வசனம் இருக்கும்" என்றான்.

"அது வேணாம்" என்றாள் அம்மா.

"ஏன்?"

"நான் அப்படிப் பேசல. பெஞ்சுக்கே போகல." அம்மா அவனைப் பார்க்காமல் சொன்னாள். "மூணு தடவை கூப்பிட்டேன், வரல. பின்னாடி அறுபது பேர் நிக்கிறாங்க. நாப்பத்தெட்டுன்னு கூப்பிட்டுட்டேன். அடுத்தவர் வந்தார், மருந்து குடுத்தேன். மறுபடி பாக்குறப்ப தூண்கிட்ட யாரும் இல்ல."

"நீதானேம்மா சொன்ன, தண்ணி குடுத்தேன்னு."

"உனக்கு அப்ப ஏழு வயசு. கண்ணை விரிச்சுக்கிட்டு, அப்புறம் என்னம்மா பண்ணினன்னு கேட்ட. உங்கிட்ட நான் என்னத்தைச் சொல்லுவேன்? பண்ணியிருக்க வேண்டியதைச் சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "இத்தனை வருஷமா நெஞ்சுல முள்ளாட்டம் கிடக்கு அது. நீ வேற அதைக் கொண்டாடிக் கொண்டாடி எழுதுற."

கண்ணாடிக்காரன் தரையில் கிடந்த அட்டைகளைப் பார்த்தான். ஒன்பது வருடம், நூற்றுப் பதினெட்டுக் காட்சி, எல்லாம் ஏழு வயதுப் பையனைத் தூங்கவைக்க ஒரு தாய் சொன்ன பொய்யின் மேல் எழுப்பியவை. கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நாப்பத்தெட்டோட முடி" என்றாள் அம்மா. "நடந்தது நடந்தபடி இருக்கட்டும்."

அன்றிலிருந்து அவன் அடங்கியிருந்தான் என்று நினைக்க வேண்டாம். தினமும் ஒரு வசனத்தைத் திருட்டுத்தனமாக உள்ளே நுழைத்துக்கொண்டு வருவான். ஒரு நாள் தாளில் அம்மா மருந்து சாப்பிடும் முறையை விளக்கினாள், மறுநாள் பக்கத்து ஜன்னல்காரியோடு வம்பளந்தாள். கத்திரி ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் அடித்தாள். நாலாம் நாள் கடைக்கே வந்து பின்னறையில் அவனைப் பிடித்தாள்.

"நீ படம் எழுதல. அம்மா குரலைப் போட்டு வைக்க ஒரு பெட்டி செய்யுற" என்றாள். "அவங்க வாயைத் திறக்குற ஒவ்வொரு தடவையும் பெட்டியில போட்டு மூடப் பாக்குற. படம் தாங்காது. அவங்களும் தாங்கமாட்டாங்க."

அவன் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாலே நாலு நம்பர். எங்கிட்ட மிச்சமிருக்கப் போறது அவ்வளவுதானா?" என்றான். கத்திரி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அறுவைசிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, கடைக்கு வார விடுமுறை. முதலாளி கடையைத் தந்தார். சும்மா தரவில்லை, தூணோரம் நிற்கும் மனிதராகத் தான்தான் நடிப்பேன் என்ற நிபந்தனையோடு தந்தார். ஃபிரேம்களை எல்லாம் கழற்றிப் பெட்டியில் அடுக்கி, கல்லாவுக்கு முன்னால் ஓட்டை போட்ட கண்ணாடிப் பலகை வைத்ததும் இடம் அசல் மருந்து ஜன்னலாகிவிட்டது. தெருக்காரர்கள் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்று சேதி சொல்லும் பெண்ணாகக் கத்திரி.

"எனக்கு ஒரு வசனமாவது வேணாமா?" என்று முதலாளி மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"நீங்க பேசலைங்கிறதுதான் சார் கதையே" என்றான் கண்ணாடிக்காரன். அவர் அரைமனதாகத் தூணோரம் போய் நின்றார்.

காலையிலிருந்து வரிசை, சீட்டு, கடிகாரம் என்று சில்லறைக் காட்சிகளை எடுத்தார்கள், அம்மாவின் தொண்டையைச் செலவழிக்காமல். மத்தியானம் அவள் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்திலேயே முப்பத்தொரு வருடம் தெரிந்தது. ஒரே ஓட்டமாக எடுப்போம், இரண்டாம் தடவைக்குக் குரல் இருக்காது என்றான்.

முதல் நாற்பத்தேழு நம்பராக வந்தது. இரண்டாவது சிடுசிடுப்பாக வந்தது. கத்திரி குனிந்து சேதியைச் சொன்னாள். அம்மா தூணைப் பார்த்தாள். வசனம் இல்லையே என்று புலம்பிய முதலாளி இப்போது டோக்கனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். மூன்றாவது நாற்பத்தேழை அம்மா அவருக்காக மட்டும் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. அம்மா காத்திருந்தாள். தாளில் மூன்று விநாடி என்று எழுதியிருந்தது. அவள் வெகுநேரம் காத்திருந்தாள். கண்ணாடிக்காரன் அளக்க மறந்துபோனான். பிறகு பார்வையைத் தாழ்த்தி, உடைந்த குரலில், "நாப்பத்தெட்டு" என்றாள்.

வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவன் 'கட்' என்று சொல்லக் கொஞ்ச நேரமாயிற்று.

எல்லோரும் கலையப் போகும்போது ஒலிக்காரர் கையைத் தூக்கினார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பேச்சுக் குறைவான மனிதர். "அறையோட சத்தம் ஒரு நிமிஷம் வேணும். யாரும் அசையாதீங்க, பேசாதீங்க" என்றார்.

"சும்மா இருக்குறதுக்கு என்ன சத்தம்?" என்று அம்மா கேட்டாள். வெட்டி ஒட்டுகிற இடத்தில் பள்ளம் விழாமல் இருக்க, பேச்சில்லாத இந்த அமைதியை அடியில் விரிக்க வேண்டும் என்று கத்திரி விளக்கினாள். அம்மா தலையாட்டினாள்.

ஒலிப்பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்விசிறி ஓடியது, தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. இருபது விநாடி போயிருக்கும். அம்மா எதிரே நின்ற மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ ஞாபகத்தில் வாயைத் திறந்துவிட்டாள்.

"டேய், மூஞ்சி ஏண்டா இப்படி வாடிக் கிடக்கு? காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

கண்ணாடிக்காரன் உதட்டில் விரலை வைத்தான். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிக்காரர் பிடிவாதக்காரர், நிறுத்தவில்லை. நிமிடம் முழுதாக ஓடி முடிந்த பிறகுதான், "இன்னொரு தடவை எடுத்துக்கலாம்" என்றார். இரண்டாம் தடவை எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். அப்புறம் பலகையைக் கழற்றுவது, ஃபிரேம்களை அடுக்குவது என்று அவன் வேலையில் இறங்கிவிட்டான். மறுநாள் காலையில் அம்மாவின் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வியாழக்கிழமை மருத்துவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் கத்திரி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். அம்மா தேறியிருந்தாள். கழுத்தில் மெல்லிய துணி, மடியில் ஒரு சின்ன நோட்டு, நோட்டோடு நூலில் கட்டிய பேனா. குழைத்துக் கொடுத்தால் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் அந்த அமைதிதான் யாருக்கும் பழகவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர்கூட ஒரு நாள் வாசலில் நின்று, எதற்கு வந்தோமென்று தெரியாமல் திரும்பிப் போனார்.

சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தார்கள். எட்டரை நிமிடம். மூன்று நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் தன் குரலில் வந்தபோது அம்மா அசையாமல் கேட்டாள். முடிந்ததும் எழுதினாள்: 'இப்ப சரியா இருக்கு. அவர் நின்னது நின்னபடி இருக்கு.' கண்ணாடிக்காரனுக்கும் அப்படித்தான் தோன்றியது. எழுதியதிலேயே சிறந்தது, அவன் எழுதாத அந்தக் காத்திருப்புதான். ஆனாலும் நாலு நம்பர். அந்த ஏக்கம் மட்டும் தீரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் கத்திரி. "படத்துல வராது. வெட்டி எறியத்தான் எடுத்தேன், கை வரல."

ஒரு பொத்தானைத் தட்டினாள். மின்விசிறி ஓடும் சத்தம். தெருவில் சைக்கிள் மணி. கண்ணாடிக்காரனுக்கு இன்னதென்று பிடிபடுவதற்குள் அம்மாவின் குரல் அறையில் எழுந்தது. நடிப்பில்லாத குரல், வணக்கம் சொல்லாத குரல், ஓடுதா என்று கேட்காத குரல். மூஞ்சி ஏண்டா இப்படி வாடிக் கிடக்கு, காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டியா.

அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான். அம்மா அவன் முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து நோட்டை எடுத்து எழுதி, அவன் கண்ணுக்குக் கீழே நகர்த்தினாள்.

'கேட்டதுக்கு அன்னைக்கு நீ பதில் சொல்லவே இல்லை.'

கத்திரி எதுவும் கேட்காமல் மறுபடி பொத்தானைத் தட்டினாள். மின்விசிறி, சைக்கிள் மணி, அம்மாவின் கேள்வி. அதற்குப் பிறகு மிச்சமிருந்த முப்பது விநாடி, பதினைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கடையின் அமைதி, வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் சாப்பிடலம்மா" என்றான் அவன், அந்த அமைதிக்குள். "வா, சேர்ந்து சாப்பிடலாம்."